எட்டுக்கு எட்டு

கானாடுகாத்தான் மாளிகை ஹோட்டலில்
ஏழாம் நம்பர் அறைக்காரி
ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள்:
ஆப்பிள் ஆறு, கோதுமைக் கதிர் ஒரு கட்டு,
சிவப்பு ஒயின், மெழுகுவத்தி இரண்டு,
ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.

ஆப்பிள் காரைக்குடியில் கிடைத்தது,
நெற்றியில் ஸ்டிக்கரோடு.
கோதுமைக் கதிருக்கு எங்கே போவது?
லவ் பேர்ட்ஸ் விற்கிற கடையில்
கம்பங்கதிர் தொங்கியது. நாலு வாங்கினேன்.
ஒயினுக்குப் பதில் பன்னீர் திராட்சைச் சாறு.
கறுப்பு மெழுகுவத்தி இந்த ஜில்லாவிலேயே இல்லை.
வெள்ளையில் ஒன்றை எடுத்து
அடுப்புக்கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப்
பூசிக் கொடுத்தார் சமையல்கார அடைக்கப்பன்.
"சூனியமாம்மா?" என்றார்,
பூசி முடித்த பிறகு.

சூனியமில்லை. அவள் பெயர் ரோவெனா.
வேல்ஸ் நாட்டுக்காரி.
இன்று பகலும் இரவும் சரிபாதியாம்,
நாளையிலிருந்து இரவின் தட்டு தாழுமாம்.
அறுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு
இருட்டை உள்ளே கூப்பிடுகிற நாளாம்.
அவள் பக்கத்துப் பழைய சாமிகளுக்குக்
கோயில் போய்ப் பல நூறு வருடம்.
புத்தகம் பார்த்துக் கொஞ்சம், யூகித்துக் கொஞ்சம்,
மறுபடி அழைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.
"வருகிறார்களா?" என்றேன்.
"சில வருடம்" என்றாள்.

பஞ்சாங்கம் புரட்டினேன். புரட்டாசி ஆறு.
துலாம் பிறக்க இன்னும் இருபத்தைந்து நாள்.
எங்கள் தராசு தாமதம்,
அல்லது வானத்துக்கு அவசரம்.

அப்புறம், அறுவடையா, இங்கேயா?
நேமத்தான்பட்டிப் பக்கம் என் நாத்தனார் வீட்டில்
இப்போதுதான் புழுதியில் நெல் தெளித்திருக்கிறார்கள்.
ஈரமில்லாத மண்ணுக்குள்
நகைக்கடன் ரசீதுபோல மடிந்து கிடக்கிறது விதை.
நன்றி சொல்ல எங்களுக்குத்
தை வரை தவணை உண்டு.

இரண்டாங்கட்டு முற்றத்தில் செருப்பைக் கழற்றினாள்.
"வடக்கு எது?"
அடுப்படி அக்கினி மூலை,
அதிலிருந்து கணக்குப்போட்டுக் காட்டினேன்.
காற்று இரண்டு முறை அணைத்தது.
மூன்றாவதில் பிடித்தன, கரி பூசியதும் பூசாததும்.

ஆப்பிளைக் குறுக்கே வெட்டினாள்.
உள்ளே ஐந்து முனையில் ஒரு நட்சத்திரம்.
இத்தனை வருடமும்
நான் நெடுக்கேதான் வெட்டியிருக்கிறேன்.

இரண்டு கோப்பையில் சாறு.
ஒன்றை அவள் குடித்தாள்.
மற்றது யாருக்கென்று நான் கேட்கவில்லை.
கல்தரையில் ஊற்றினாள்.
அது சற்று நின்று யோசித்து
மழைத்தண்ணீர் போகிற துவாரத்தைத்
தானே தேடிக்கொண்டது.

அவள் ஊரில் டிசம்பரில்
நாலு மணிக்கே இருட்டிவிடுமாம்.
"இங்கே?"
இங்கே சித்திரைக்கும் மார்கழிக்கும்
ஒரு மணி நேரம் கூடக் குறைய.
அதற்கெல்லாம் யாரும் மெழுகுவத்தி வாங்குவதில்லை.

நான் சொல்லாதது:
எனக்கு இரவு எட்டு முதல் காலை எட்டு.
பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.
மாதம் நாலு நாள் விடுப்பு போக
வருடம் முழுக்க எனக்கு இதே பண்டிகை.
பகல் ஷிப்டு பவளக்கொடியைவிட
முந்நூறு ரூபாய் கூட.
இருட்டுக்கு இந்த வீட்டில் விலை போட்டாயிற்று.

பாதி ஆப்பிளை என் கையில் வைத்துவிட்டு
உறங்கப் போனாள்.
ரெஜிஸ்டர் மேல் வைத்தேன்.
பள்ளத்தூர்ப் பக்கம் மின்னியது. மழை இல்லை.
மூன்று மணிக்குப் பார்த்தால்
நட்சத்திரத்தின் ஒரு முனையை
எறும்புகள் நகர்த்திக்கொண்டிருந்தன.
மிச்ச விதைகளைத் தட்டி
முந்தானையில் முடிந்துகொண்டேன்.
இந்தச் செம்மண்ணில் ஆப்பிள் வராது, தெரியும்.

காலையில் பவளக்கொடி
ஓடி வந்து கையெழுத்துப் போட்டாள்.
எட்டு மணி ஆறு நிமிஷம்.
எட்டு என்றே எழுதினாள்.
நானும் எட்டு என்றே எழுதினேன்.